முன்னே போன தீர்த்தக் குடம்

மேலச் சித்திரை வீதி,
ஸ்ரீரங்கம்.
தாது வருஷம் கார்த்திகை மாதம் 13ந் தேதி.

கும்பகோணம் அத்திம்பேர் வீரராகவாச்சாரியார் ஸ்வாமி திருவடிகளில், மைத்துனன் வேணுகோபாலன் விழுந்து சேவித்து எழுதிக்கொள்ளும் விண்ணப்பம். இவ்விடம் பெரிய பெருமாள் கடாக்ஷத்தில் என் அகத்துக்காரி கோதைநாயகி சுகம், குழந்தைகள் சுகம், புதிதாக வாங்கிய குடையும் சுகம். எனக்கு வயிறு கூடச் சரியாகவே இருக்கிறது. இருக்கக் கூடாது, ஆனால் இருக்கிறது. காரணம் கீழே வருகிறது. அவ்விடம் தேவரீருடைய முழங்கால் வலியும் கமலவல்லி அக்காவின் கோபமும் தணிந்திருக்கும் என்று நம்புகிறேன். ஒரே ஒரு பிரார்த்தனை. வழக்கம்போல் இந்தக் கடிதத்தை அக்காவுக்கு உரக்க வாசித்துக் காட்ட வேண்டாம். காட்டித்தான் தீர வேண்டுமென்றால், குடைக்குப் பிறகு நேராகக் கடைசி நமஸ்காரத்துக்குப் போய்விடுங்கள்.

போன கடிதத்தில் தேவரீர், "கோபு, ஒரு ஜில்லாவையே உன் கையில் கொடுத்திருக்கிறார்களாமே, முதலில் என்ன செய்யப் போகிறாய்?" என்று கேட்டிருந்தீர். முப்பது வருஷம் ஹெட்மாஸ்டராக இருந்தவர் கேட்கிற கேள்விக்குப் பதில் எழுதாமல் இருக்கலாமா? புரட்டாசியில் திருச்சினாப்பள்ளி ஜில்லாக் கல்வி அதிகாரியாகப் பதவி ஏற்ற மறு வாரமே, தென்னூரில் ஒரு கொட்டகையில் உபாத்தியாயர்களைக் கூட்டி என் நோக்கங்களை விளக்கினேன். இரண்டேகால் மணி நேரம் பேசினேன். நடுவில் ஒரு தரம் "முடிவாக" என்று சொன்னபோது நல்ல கைதட்டல். அதற்குப் பிறகும் முக்கால் மணி பேசினேன். அப்போது அவ்வளவு இல்லை. சொன்னதன் சாரம் இவ்வளவுதான். பள்ளிக்கூடம் என்றால் அதில் பிள்ளைகள் இருக்க வேண்டும். பெயர் மட்டும் ரிஜிஸ்தரில் இருந்து, பிள்ளை மாட்டுக்குப் பின்னால் இருந்தால் அது பள்ளிக்கூடம் ஆகாது. எந்தப் பள்ளியிலும் இருபத்தைந்து தலைக்குக் குறைந்தால் அதை எடுத்துவிட்டு, அதன் கரும்பலகையையும் உபாத்தியாயரையும் நன்றாக நடக்கிற பள்ளிக்குக் கொடுத்துவிடுவது. எது நன்றாக நடக்கிறது என்று நானே நேரில் பார்ப்பது. முக்கியமாக, முன்னறிவிப்பில்லாமல் போய்ப் பார்ப்பது. சொல்லிவிட்டுப் போனால் நாடகம்தானே பார்க்க முடியும்?

சென்னையிலிருந்து டைரக்டர் துரை கேட்டபோது, டிசம்பர் முடிவதற்குள் ஏழு பள்ளிகளை எடுத்துவிடுவேன் என்று என் கையாலேயே எழுதிக் கொடுத்தேன். ஏன் ஏழு என்று கேட்காதீர்கள். ஆறு என்றால் சோம்பேறித்தனமாகவும் எட்டு என்றால் கொடுமையாகவும் பட்டது.

ரகசியத்தை நான் காத்த அழகை நீங்கள் பார்த்திருக்க வேண்டும். அடுத்து எந்த ஊர் என்று ஹெட் கிளார்க்குக்குத் தெரியாது. டிப்டி இன்ஸ்பெக்டருக்குத் தெரியாது. மேஜை டிராயரில் காகிதத்தில் எழுதிப் பூட்டி, சாவியைப் பூணூலில் முடிந்துகொள்வேன். கோதைநாயகி மட்டும் ஒரு கேள்வி கேட்டாள். "உங்க ரகசியத்தை நீங்களே வெச்சுக்கோங்கோ. தளிகைக்கும் தீர்த்தத்துக்கும் என்ன பண்ணப் போறேள்?"

நியாயமான கேள்விதான். எனக்குப் பூணூல் போட்ட நாள் முதல் வெளித் தளிகை நாக்கில் பட்டதில்லை. காவேரி தவிர வேறு தீர்த்தம் உள்ளே போனதில்லை. சென்னையில் உபாத்தியாயர் பட்டத்துக்கு எல்.டி. படித்த வருஷம் என்ன செய்தாய் என்று நீங்கள் கேட்பீர்கள்; அந்த வருஷத்தை நான் சேர்ப்பதில்லை. ஆகையால் ஓர் ஏற்பாடு செய்தேன். நான் போகும் நாளுக்கு முதல் நாள், எங்கள் பரிசாரகன் வரது விடியற்காலம் அம்மா மண்டபத்துப் படித்துறையில் ஸ்நானம் செய்து, பெரிய பித்தளைக் குடத்தில் காவேரித் தீர்த்தம் முகந்து, அதன் வாயை வெள்ளைத் துணியால் கட்டி, அந்த ஊருக்குப் போய்விடுவான். பாத்திரக் கூடையைத் தூக்க ஆபீஸ் பியூன் நல்லுசாமி கூடப் போவான். ரகசியம் முக்கியம் என்பதால், மார்பில் போட்டிருக்கும் சர்க்கார் பித்தளை வில்லையைக் கழற்றிவிட்டுத்தான் போக வேண்டும் என்று அவனுக்கு உத்தரவு. அவன் அதைக் கழற்றிப் பாத்திரக் கூடையின் மேல் மாட்டிக்கொண்டு போனான் என்பது மிகவும் பிற்பாடு தெரிந்தது. வரதுவிடம், "யார் கேட்டாலும் ஒரு பெரிய மனுஷர் வரார்னு மட்டும் சொல்லு, அதுக்கு மேல ஒரு வார்த்தை கூடாது" என்று சொல்லியிருந்தேன். வரது அப்படியே செய்தான். அவன் மேல் குற்றம் இல்லை.

அத்திம்பேர், இந்த ஜில்லாவின் பள்ளிக்கூடங்கள் எப்பேர்ப்பட்டவை என்று அப்போதுதான் தெரிந்துகொண்டேன். முதலில் ஆற்றுக்கு வடக்கே ஒரு கிராமம். நான் வண்டியை விட்டு இறங்கியபோது ஒரு ஈ காக்காய்க்குக் கூட நான் வருவது தெரியாது. ரிஜிஸ்தரில் நாற்பத்து மூன்று. உட்கார்ந்திருந்ததும் நாற்பத்து மூன்று. எல்லோர் தலையிலும் எண்ணெய், எல்லோர் நெற்றியிலும் திருமண். ஊர் முழுவதும் விபூதி இட்டவர்கள், பிள்ளைகளுக்கு மட்டும் எப்படித் திருமண் என்று யோசித்தேன். சத் விஷயங்களில் பிள்ளைகள்தான் முந்துவார்கள் என்று தேற்றிக்கொண்டேன். ஒரு பொடியன் மட்டும், "சார் போனதும் அழிச்சுக்கலாமா சார்?" என்று உபாத்தியாயரைக் கேட்டான். அடுத்த ஊரில் பள்ளித் தோட்டம். கத்தரிச் செடி ஒவ்வொன்றிலும் ஆறு ஏழு காய். ஆசையாக ஒன்றைத் தொட்டேன், செடியே கையோடு வந்துவிட்டது. காய் நூலால் கட்டியிருந்தது. காய் கனம் தாங்காமல் விழாதிருக்கக் கட்டுகிறோம் என்றார் உபாத்தியாயர். விவசாய ஞானம் எனக்குக் குறைவு என்பதால் அதையும் குறித்துக்கொண்டேன்.

மூன்றாவது ஊரில்தான் பெரிய ஆச்சரியம். நான் எங்கே போனாலும் அதே நாலு கேள்வி கேட்பது வழக்கம். எல்லாப் பள்ளிக்கும் ஒரே அளவுகோல் வேண்டுமல்லவா? அன்றைக்கு ஞாபகப் பிசகாக மூன்றாவதை விட்டுவிட்டு நாலாவதைக் கேட்டுவிட்டேன். "பசுவுக்கு எத்தனை கால்?" என்றேன். ஐம்பது பிள்ளைகளும் ஒரே குரலில், "குடகு மலை!" என்றார்கள். காவேரி எங்கே உற்பத்தியாகிறது என்று நான் கேட்க நினைத்ததை என் முகத்திலேயே படித்துவிட்டார்கள் என்று பூரித்துப்போனேன். விசிட் புஸ்தகத்தில் "மிக நன்று" என்று எழுதிக் கையெழுத்துப் போட்டேன். எல்லா ஊரிலும் அப்படியே எழுதினேன்.

சந்தோஷம்தான். ஆனால் கார்த்திகை பிறந்துவிட்டது. பன்னிரண்டு ஊர் பார்த்தாகிவிட்டது. ஏழு பள்ளி எடுக்கிறேன் என்று எழுதிக் கொடுத்த மனுஷனிடம் எடுப்பதற்கு ஒரு பள்ளி கூட இல்லை. ஜில்லா நன்றாக இருப்பதைப் பார்த்துக் கவலைப்பட்ட அதிகாரி நான் ஒருவனாகத்தான் இருப்பேன்.

போன செவ்வாய்க்கிழமை மணப்பாறைக்கு மேற்கே ஒரு கிராமத்துக்குப் போவதாக ஏற்பாடு. திங்கட்கிழமையே குடம் போய்விட்டது. செவ்வாய்க் காலை நான் ரயில் ஏறினேன். கோதைநாயகி கட்டிக்கொடுத்த புளியோதரையை ஏறினவுடனே சாப்பிட்டது என் தப்பு. ஜன்னலோரம் உட்கார்ந்தது அதைவிடப் பெரிய தப்பு. கண்ணைத் திறந்தால் மணப்பாறை போய் வெகு நேரமாகி, வண்டி வையம்பட்டியிலிருந்து கிளம்பிக்கொண்டிருக்கிறது. பதறிக் குதித்தேன். நான் இறங்கினேன், குடை இறங்கியது. தலைப்பாகை மட்டும் ரயிலிலேயே திண்டுக்கல்லுக்குப் போய்விட்டது. இது வரை பதில் இல்லை.

ஸ்டேஷன் வாசலில் அம்மாசி என்ற ஒருவனுடைய மாட்டு வண்டி கிடைத்தது. "எங்க போகணும் சாமி?" என்றான். ஊரைச் சொன்னேன். "அந்த ஊரா? அங்க பெரிய அதிகாரி வராருன்னு நேத்துலேர்ந்து தோரணம் கட்டிக்கிட்டு இருக்காங்களே, நீங்களும் பாக்கத்தான் போறீங்களா?" என்றான். யாரோ கலெக்டர் போலிருக்கிறது, இன்றைக்குப் பார்த்தா வர வேண்டும் என்று நினைத்துக்கொண்டேன். அப்படி நினைத்தேன் என்பதை இப்போது எழுதவே வெட்கமாக இருக்கிறது.

இரண்டு மைல் போவதற்குள் கடையாணி கழன்று ஒரு சக்கரம் எங்களை விட்டுவிட்டுத் தனியாகப் போயிற்று. அம்மாசி அதைத் தேடிக்கொண்டு போனான். நான் வெயிலில் நடந்தேன். செம்மண் காடு, கண்ணுக்கெட்டிய மட்டும் நிலக்கடலை. ஒரு வேப்ப மரத்தடியில் கூரை தெரிந்தது. கிட்டப் போனால், "ஜில்லா போர்டு ஆரம்பப் பாடசாலை, கருங்காட்டுப்பட்டி" என்று பலகை! அத்திம்பேர், என் மயிர்க்கால்கள் சிலிர்த்தன. இந்த ஊர் என் காகிதத்திலேயே இல்லை. வாழ்நாளில் முதல் தடவையாக உண்மையிலேயே முன்னறிவிப்பில்லாமல் வந்திருக்கிறேன் என்று அப்போது தெரியாவிட்டாலும், ஏதோ உள்ளே சொல்லிற்று.

உள்ளே ஒன்பது பிள்ளைகள் இருந்தார்கள். எண்ணெயும் இல்லை, தோட்டமும் இல்லை. சாக்கு ஒன்றை மடித்துப் போட்டுக்கொண்டு உபாத்தியாயினி உட்கார்ந்திருந்தாள். பெயர் ரோசரி, கிறிஸ்து வேதக்கார அம்மாள், நாற்பது வயசு இருக்கும், கையெல்லாம் செம்மண். என் வெறுந்தலையையும் குடையையும் பார்த்தவள், "வாங்க ஐயா, நெழலுக்கு வாங்க. கடலை மண்டிக் கணக்கப்பிள்ளைங்களா? கொள்முதலுக்கு இன்னும் நாள் இருக்குங்களே" என்றாள். நான் யார் என்று சொல்லவில்லை. எல்லாம் பார்த்த பிறகு சொல்லுவோம், அதுதானே முறை என்று இருந்துவிட்டேன். சுவரில் தொங்கிய ரிஜிஸ்தரைச் சும்மா பார்ப்பதுபோல் பார்த்தேன். முப்பத்தொன்று. இருப்பது ஒன்பது. எனக்கு உள்ளூர ஒரே ஆனந்தம்! ஏழில் ஒன்று கிடைத்துவிட்டது என்று.

"மத்த பிள்ளைங்க எங்கம்மா?" என்றேன்.

"கடலை புடுங்கப் போயிருக்குங்க. தை வரைக்கும் காட்டுலதான். வீட்டுல கை வேணும்ல? நான் இந்த ஒம்போது பேரையும் முடிச்சிட்டு அங்கதான் போவேன். வரீங்களா, கடலையையும் பாத்தமாதிரி இருக்கும்" என்றாள்.

போனேன். காட்டில் அவள் கணக்குப்படி இருபத்திரண்டு பிள்ளைகள் இருக்க வேண்டும். எண்ணினேன், இருபத்திரண்டு. பிடுங்கிய செடியிலிருந்து கடலையை ஆய்ந்துகொண்டே வாய்ப்பாடு சொல்லிக்கொண்டிருந்தன. ரோசரி அம்மாளும் உட்கார்ந்து ஆய ஆரம்பித்தாள். ஆய்ந்துகொண்டே மண்ணில் குச்சியால் எழுதினாள். பிள்ளைகள் அதைப் பார்த்துத் தங்கள் முன்னால் மண்ணில் எழுதின. கரும்பலகையை நல்ல பள்ளிக்கு எடுத்துக் கொடுப்பேன் என்று தென்னூரில் முழங்கினேனே, இந்தப் பள்ளியில் எதை எடுத்துக் கொடுப்பது? காட்டையா?

அந்தச் சமயத்தில் இருசம்மாள் என்று ஒருத்தி ஒரு கடுதாசியோடு ஓடி வந்தாள். அவள் புருஷன் கண்டித் தேயிலைத் தோட்டத்தில் இருக்கிறானாம். உபாத்தியாயினியிடம் கொடுப்பாள் என்று பார்த்தேன். இல்லை, ரெங்கம்மாள் என்ற எட்டு வயசுப் பெண்ணிடம் கொடுத்தாள். அந்தப் பெண் கையைப் பாவாடையில் துடைத்துக்கொண்டு, எழுத்து எழுத்தாகக் கூட்டி, உரக்க வாசித்தது. ஆடு குட்டி போட்டதா, மழை உண்டா, சின்னவனுக்குக் காய்ச்சல் விட்டதா. காட்டில் இருந்த அத்தனை பேரும் கை நிறுத்திக் கேட்டார்கள். ஓரிடத்தில் அந்தப் பெண் சட்டென்று நிறுத்தி, மனசுக்குள் ஒரு தரம் படித்துப் பார்த்து, "அக்கா, இது ஒனக்கு மட்டும். குனி, காதுல சொல்றேன்" என்றது. சொன்னது. இருசம்மாள் முந்தானையால் முகத்தை மூடிக்கொண்டு சிரித்தாள்.

அத்திம்பேர், மறைப்பானேன். பன்னிரண்டு ஊரில் என் நாலு கேள்விக்கும் நூற்றுக்கு நூறு பதில் கேட்டேன். ஒரு பிள்ளை படிப்பதை இப்போதுதான் பார்த்தேன்.

வெயிலா, நெகிழ்ச்சியா, புளியோதரையா தெரியாது, கண் இருட்டிக்கொண்டு வந்தது. தீர்த்தம் வேண்டும். என் தீர்த்தமோ ஐந்து மைலுக்கு அப்பால் வெள்ளைத் துணி கட்டிக்கொண்டு எனக்காகக் காத்திருக்கிறது. ரோசரி அம்மாள் மண் பானையிலிருந்து ஒரு சொம்பு தண்ணீர் நீட்டினாள். நீட்டியவள் என் நெற்றியைப் பார்த்துவிட்டு, "நீங்க குடிப்பீங்களான்னு தெரியலீங்க. வேணும்னா அரை மைல்ல ஐயமாரு தோட்டம் இருக்கு, ஆளை அனுப்புறேன்" என்றாள். நான் குடித்தேன். ஒரு சொம்பு அல்ல, மூன்று. பிறகு செடிச் சருகில் சுட்ட கடலை. பிறகு அவள் கொண்டுவந்திருந்த கம்மங்கூழ். அதற்குத் தொட்டுக்கொள்ள சின்ன வெங்காயம். நாற்பத்தாறு வருஷத்தில் முதல் வெங்காயம். (எல்.டி. வருஷம் நீங்கலாக.) அதைப் பற்றி மேலே எழுதுவதற்கில்லை. ஆனால் மோரில் கரைத்த கூழுக்கும் அதற்கும் உள்ள பொருத்தத்தை நம் பெரியவர்கள் ஏன் கவனிக்காமல் விட்டார்கள் என்பது எனக்கு விளங்கவில்லை. அன்றைக்கு வயிறு கெடும் என்று பார்த்தேன். இன்று வரை கெடவில்லை.

சாப்பிட்டு நிமிர்ந்ததும் அவள் கேட்டாள். "ஐயா டவுன்லேர்ந்து வரீங்க. ஒரு சேதி தெரியுமாங்க? புதுசா ஒரு அதிகாரி வந்திருக்காராம். இருவத்தஞ்சு புள்ளைக்குக் கொறைஞ்சா பள்ளிக்கூடத்தை மூடிடுவாராமே?"

"அப்படியா?" என்றேன்.

"நல்ல மனுசருன்னுதான் சொல்றாங்க. ஆனா அவரு வரதுக்கு மொத நாளே தண்ணிக் குடம் வந்துருமாம். அம்மா மண்டபத்துல குடத்தை முக்கும்போதே, எந்த ஊருன்னு படித்துறையில கேட்டுத் தெரிஞ்சுக்குவாங்களாம். குடம் வந்துச்சுன்னா வெள்ளையடிக்கணும், பக்கத்து ஊருலேர்ந்து புள்ளைங்களைக் கூட்டியாறணும், நாலு கேள்விக்குப் பதில் சொல்லிக் குடுக்கணும். ஜில்லா பூரா குடத்து அதிகாரின்னுதான் அவருக்குப் பேரு. எங்க ஊருக்குத்தான் குடமே வரலீங்க."

நான் குடையை விரித்து முகத்தை மறைத்துக்கொண்டேன். திருமண், கத்தரிக்காய், குடகு மலை, அம்மாசி சொன்ன தோரணம் எல்லாம் வரிசையாக வந்து என் முன்னால் நின்றன. டிராயரைப் பூட்டி, சாவியைப் பூணூலில் முடிந்துகொண்டு, ஊர் பெயரைப் பித்தளைக் குடத்தில் வைத்துத் தப்பட்டை அடிக்காத குறையாக அனுப்பியிருக்கிறேன்! அப்போதாவது, "அம்மா, நான்தான் அந்தக் குடத்து அதிகாரி" என்று சொல்லியிருக்க வேண்டும். அவள் கூழ் இன்னும் என் மீசையில் இருந்தது. "எனக்கென்னம்மா தெரியும், நான் கடலைக்காரன்" என்று சொல்லிவிட்டேன். ஜில்லாவின் ஒழுக்கத்துக்கு நான் உத்தரவாதி.

புறப்படும்போது நோட்டுத்தாள் ஒன்றை நாலாக மடித்துக் கொடுத்தாள். "டவுனுக்குத்தானே போறீங்க. இதை அந்த அதிகாரி ஆபீசுல சேத்துடுங்க. தபால்ல போட்டா பெரியவங்க கைக்குப் போகாதும்பாங்க. உங்க கையால குடுத்தா போகும்" என்றாள். போகும் என்று சத்தியம் செய்து வாங்கிக்கொண்டேன். நான் கொடுத்த வாக்கில் அதிகச் சிரமமில்லாமல் நிறைவேற்றியது அது ஒன்றுதான். ரயிலிலேயே பிரித்துப் படித்தேன்:

"ஜில்லாக் கல்வி அதிகாரி ஐயா அவர்களுக்கு. எங்கள் பள்ளியில் முப்பத்தொரு பிள்ளைகள் உண்டு. தை வரை இருபத்திரண்டு பேர் காட்டில் இருப்பார்கள். நானும் அங்கே இருப்பேன். ஐயா வந்தால் கூரையின் கீழே மட்டும் எண்ணாமல் காட்டிலும் எண்ணும்படி வேண்டுகிறேன். அதற்கு விதி இல்லை என்றால், எங்கள் ஊருக்கும் ஒரு நாள் முன்னால் குடம் அனுப்பும்படி வேண்டுகிறேன். எல்லோரையும் கூரையின் கீழே உட்கார வைத்துவிடுகிறேன். வேறு ஊர்ப் பிள்ளைகளைக் கூட்டி வரமாட்டேன். ரோசரி, உபாத்தியாயினி."

மறு நாள் வரது, நான் போகாமல் விட்ட அந்த ஊரிலிருந்து திரும்பி வந்தான். அவனைச் சாட்சிக் கூண்டில் நிறுத்தாத குறையாகக் கேட்டேன். "ரெண்டு நாளா எல்லாரும் அப்படியே உக்காந்திருந்தா ஸ்வாமி. எழுபத்தாறு பிள்ளைகள். நானே எண்ணினேன். அதுல இருபது பேருக்கு மீசை" என்றான். "ஏண்டா இத்தனை நாளா சொல்லலை?" என்றேன். "அதுக்கு மேல ஒரு வார்த்தை கூடாதுன்னேளே" என்றான். முன்னமே எழுதியிருக்கிறேன், அவன் மேல் குற்றம் இல்லை.

ஆனாலும் அத்திம்பேர், நெகிழ்ச்சி வேறு, நிர்வாகம் வேறு. இரண்டு நாள் யோசித்தேன். காட்டில் எண்ணலாம் என்று விதிப் புஸ்தகத்தில் எங்கும் இல்லை. மூன்று தரம் பார்த்துவிட்டேன். எனக்குக் கூழ் கொடுத்தாள் என்பதற்காக ஒரு பள்ளியை விட்டால், நாளை ஜில்லா முழுவதும் கூழ் காய்ச்சிக்கொண்டு நிற்கும். கத்தரிக்காய்ப் பள்ளிகளை எடுக்கலாமென்றால், "மிக நன்று" என்று என் கையெழுத்தே அங்கே உட்கார்ந்திருக்கிறது. ஆகையால் மனசைக் கல்லாக்கிக்கொண்டு, டைரக்டர் துரைக்குப் போகும் ஜாபிதாவில் "1. கருங்காட்டுப்பட்டி" என்று எழுதிவிட்டேன். மற்ற ஆறும் பிறகு. திங்கட்கிழமைத் தபாலில் போகிறது. ரோசரி அம்மாளை வேறு பள்ளிக்கு மாற்றி நல்லபடியாக எழுதுவேன். அந்த ரெங்கம்மாள் பெண் மூன்று மைல் நடந்தால் அடுத்த பள்ளி இருக்கிறது. நடக்காது என்று எனக்குத் தெரியும், ஆனால் இருக்கிறது. குடமும் இன்றோடு நின்றது. இனி வரது எங்கேயும் முன்னால் போக மாட்டான். நானே மடியில் அவல் கட்டிக்கொண்டு தனியாகப் போவேன். இதுதான் என் ஜில்லாவுக்கு நான் வகுத்த முறை. இதில் மாற்றமில்லை. நீங்களும் என் ஸ்தானத்தில் இருந்தால் இதைத்தான் செய்திருப்பீர்கள் என்று ஒரு வரி எழுதினால் எனக்குத் தூக்கம் வரும்.

அக்காவுக்கும் தங்களுக்கும் எங்கள் எல்லோருடைய சாஷ்டாங்க நமஸ்காரங்கள். மருமானுக்கு என் ஆசிகள்; அவனை நன்றாகப் படிக்கச் சொல்லவும். தங்கள் முழங்காலுக்கு இவ்விடத்து நாட்டு வைத்தியத் தைலம் அடுத்த ஆள் மூலம் அனுப்புகிறேன்.

இப்படிக்கு, உறுதி குலையாத,
வேணுகோபாலன்.

பின்குறிப்பு: உறையை ஒட்டப் பசை தேடிப்போன இடைவெளியில் கோதைநாயகி இதை முழுக்கப் படித்துவிட்டாள். வெங்காயத்துக்காக ஆத்தையே ரெண்டாக்குவாள் என்று தூணைப் பிடித்துக்கொண்டு நின்றேன். அவள் வெங்காயத்தைப் பற்றி ஒரு வார்த்தை சொல்லவில்லை. "ஏன்னா, மயங்கி விழ இருந்த மனுஷருக்கு அவ தீர்த்தம் குடுத்தா. வாங்கிக் குடிச்சுட்டு வந்து அவ பள்ளிக்கூடத்தையே மூடறேளா? அந்தக் குழந்தைக்குத் தெரிஞ்சிருக்கு, எதை உரக்கப் படிக்கணும், எதைக் காதுல சொல்லணும்னு. உங்க ஜாபிதாவுக்குத் தெரியலையே" என்று சொல்லிவிட்டு உள்ளே போய்விட்டாள்.

மேலே உறுதி என்று நான் எழுதியதையெல்லாம் தயவுசெய்து அடித்துவிட்டுப் படிக்கவும். ஜாபிதாவைக் கிழித்துவிட்டேன். ஏழு என்று எழுதிக் கொடுத்தது என் அவசரம், இப்போதைக்கு ஒன்றும் இல்லை என்று டைரக்டர் துரைக்கு எழுதியாகிவிட்டது. வேலை போனால் கும்பகோணத்தில் தங்கள் திண்ணையில் எனக்கும் கொஞ்சம் இடம் ஒதுக்கவும். நாலு கேள்வியையும் விட்டுவிட்டேன். கையில் ஒரு பழைய கடுதாசியோடு போய், பிள்ளைகளைப் படிக்கச் சொல்வதாக உத்தேசம்.

வரது நாளைக் காலை கருங்காட்டுப்பட்டிக்குப் புறப்படுகிறான். நான் செவ்வாய்க்கிழமை போகிறேன். நல்லுசாமி வில்லையைக் கழற்றக் கூடாது, நன்றாகத் துலக்கி மார்பில் போட்டுக்கொண்டு, ஊர் நடுவில் இரண்டு தரம் நடக்க வேண்டும் என்று உத்தரவு போட்டிருக்கிறேன். சற்று முன் வரது குடத்தைத் தேய்த்துக் கவிழ்த்துவிட்டு, "விடியறப்ப தீர்த்தம் முகந்துண்டு போறேன் ஸ்வாமி" என்றான். "தீர்த்தம் வேண்டாம்டா. வாயை மட்டும் வெள்ளைத் துணியால நன்னா கட்டிண்டு, எல்லார் கண்ணுலயும் படறமாதிரி வெறும் குடத்தை எடுத்துண்டு போ. அந்த ஊர்த் தண்ணி நன்னாத்தான் இருக்கும்" என்றேன்.